மற்றவர் பெயரில் ஜெயித்த நாட்கள்

அடுத்தவர் ஐடிக்குள் நுழைந்து, அவருக்காக ஆன்லைன் கேம் ஆடி, ரேங்கை ஏற்றிக்கொடுத்துக் காசு வாங்குவதற்குப் பெயர் பூஸ்டிங். செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடையில் வேலை பார்த்துக்கொண்டே இரண்டு வருஷம் அதைச் செய்தேன். கட்டைவிரல் மரத்துப்போக ஆடியும் ஒரு படி ஏறாதவர்களே, என்மேல் உங்களுக்குக் கோபம் வந்தால் நியாயம்தான்.

மச்சானுக்கு மேலே

முதல் கஸ்டமர் வல்லத்தில் உரக்கடை வைத்திருப்பவர். அவருடைய மச்சானுக்கு ரேங்க் அதிகம். விசேஷத்துக்கு விசேஷம் அதைச் சொல்லியே சீண்டுவாராம். ஒரே வாரத்தில் இவரை மச்சானுக்கு மேலே ஏற்றிவிட்டேன்.

கொஞ்ச நாளில் முகம் தொங்கிப்போய்க் கடைக்கு வந்தார். ஏறிய இடத்தில் எதிரே வருபவர்கள் எல்லாம் கில்லாடிகள். ஆட்டம் ஆரம்பித்ததுமே இவர் அவுட். கூட ஆடுகிறவர்கள் திட்டுகிறார்களாம்.

"முன்னெல்லாம் தோத்தாலும் சிரிச்சினு இருந்தேன்மா. இப்ப போனைத் தொடவே பயமா இருக்குது."

மைக்கில் வந்த குரல்

கஸ்டமரை ஏற்றுவதற்குக் கீழ்மட்டத்தில் இருப்பவர்களை வரிசையாக அடிக்கவேண்டும். அவர்களும் ஆசையாக ஆட வந்தவர்கள் என்று நான் யோசித்ததே இல்லை.

ஒருநாள் அடுத்தடுத்து மூன்று ஆட்டத்தில் ஒரே பெண் எதிரே வந்தார். மூன்றிலும் முதல் நிமிஷத்திலேயே அவரை வீழ்த்தினேன். கடைசியில் மைக்கில் பேசினார். திட்டவில்லை, குரல்தான் களைத்திருந்தது.

"ஆஸ்பத்திரி டூட்டி முடிச்சு அரை மணி நேரம்தாங்க ஆடுறேன். நீங்க இந்த லெவல் ஆளே இல்ல, எங்களை அடிச்சு இன்னா ஆவப்போவுது?"

டீம் லிஸ்ட்

அதற்குப் பிறகும் நான் நிறுத்தவில்லை. ஒரு கல்லூரி மாணவனுக்கு ரேங்க் ஏற்றிக் கொடுத்தேன். அதைக் காட்டியே அவன் கல்லூரி டீமில் சேர்ந்துவிட்டான். அதனால் இடம் இழந்தவள் அதே கல்லூரியில் படிக்கும் தொண்டூர் மாலதி. யார் உதவியும் இல்லாமல் ஆடி ஏறியவள். போனுக்குக் கண்ணாடி மாற்ற எங்கள் கடைக்கு வந்தபோது, டீமில் இடம் போனதால் கேமையே அழித்துவிட்டதாகச் சொன்னாள்.

மறுநாள் அந்த டீமைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியரிடம் போய் உண்மையைச் சொன்னேன். எல்லாரையும் நேரில் ஆடவைத்து மறுபடி தேர்ந்தெடுத்தார்கள். மாலதிக்கு இடம் கிடைத்தது. அந்த மாணவன் போனில் வாய்க்கு வந்தபடி ஏசினான். விஷயம் தெரிந்து கேம் கம்பெனி என் ஐடியையும் முடக்கிவிட்டது. மாலதியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"இடம் போனதுகூட பரவால்லக்கா. எனக்கு ஆடவே தெரியலன்னு நம்பிட்டேன் பாரு, அதான் ஆறல."

இப்போது புது ஐடி தொடங்கி, என் சொந்தப் பெயரில் ஆடுகிறேன். எனக்கும் தோற்கத் தெரியும் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது.