அரைக் கிளட்சில் ஒரு கும்பிடு

நான் மாட்டு டாக்டர். உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கால்நடை மருந்தகத்தில் வேலை, வீடு மதுரையில். கன்று பாதியில் சிக்கிக்கொண்ட மாட்டுக்கு டவுன் பஸ் ஏறிப் போய் வைத்தியம் பார்க்க முடியாது. அதனால் இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய எங்கள் பழைய டீசல் காரை நான் சொகுசாக நினைத்ததே இல்லை. அது இருந்தால்தான் எனக்கு வேலை.

கிளட்சில் கோளாறு என்பது மேம்பாலம் ஏறும்போதுதான் தெரிந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் கத்துகிறது, வேகம் மட்டும் கூட மாட்டேன் என்கிறது. முன்பெல்லாம் கிளட்ச் பெடலில் இருந்து காலைப் பாதி எடுத்ததுமே வண்டி இழுக்கும். இப்போது கால் முழுக்க மேலே வந்த பிறகுதான் இழுத்தது. கூடவே ஒரு கருகல் வாடை. வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் கடை வைத்திருக்கிறார். சாயங்காலம் நான் வந்ததும் சரக்கு ஏற்ற அதே காரைத்தான் எடுத்துப் போவார்.

"மாட்டுக் கொட்டத்துல நிக்கிறவளுக்கு எல்லாமே வாடையாத்தேன் தெரியும்" என்று சிரித்தார். அப்புறம், "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நீ கிளட்ச்ல இருந்து கால எடுக்காம ஓட்டுற. வித்துருவோம். பக்கத்துலயே மாத்தல் வாங்கிக்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அந்த ஊர்களையும் மாடுகளையும் விட்டு வர எனக்கு மனசில்லை. ஆனால் கோபத்தோடு நோய் பார்க்கக் கூடாது. மறுநாள் மருந்தக வளாகத்தில் வண்டியை நிறுத்தி, கைப் பிரேக்கை இறுக்கி, நாலாவது கியரைப் போட்டு, கிளட்சை மெல்ல விட்டேன். நல்ல கிளட்சாக இருந்தால் இன்ஜின் அந்த இடத்திலேயே குலுங்கி அணைய வேண்டும். எங்கள் இன்ஜினோ எனக்கென்ன என்று ஓடிக்கொண்டே இருந்து, போனால் போகிறது என்று அணைந்தது. கிளட்ச் தட்டு தேய்ந்துவிட்டது.

மெக்கானிக்கும் அதையே சொன்னார். "பிளேட்டு முடிஞ்சிருச்சுக்கா. சாமான் வர செவ்வாக்கெழம ஆகும், அதுவரைக்கும் பாத்து ஓட்டுங்க. யாரோ பெடலப் பாதி அமுக்குனமேனிக்கு அரைக் கிளட்ச்லயே ஓட்டுறீக, அதேன் தேஞ்சிருச்சு."

கணவர் என்னைப் பார்த்தார். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்த வாரம் முழுக்க என் இடது காலை நானே வேவு பார்த்தேன். கியர் மாற்றியதும் அது ஒழுங்காக ஓரமாய்ப் போய் உட்கார்ந்துகொண்டது. மாட்டுக்குச் சீக்கு என்றால் மாட்டை மட்டும் பார்த்தால் போதாது, தீவனம் வைக்கிறவரையும் பார்க்க வேண்டும். இந்தக் காருக்கு அப்படி இரண்டு பேர் இருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை அலங்காநல்லூர் தாண்டி ஒரு காதுகுத்து. "கிளட்ச எப்பிடி வைக்கணும்னு பாத்துக்க" என்று கணவர் ஓட்டினார். நானும் பார்த்தேன். முதல் கோயில் வந்தது. சாமிக்கு முன்னால் வண்டி அணைந்தால் சகுனம் சரியில்லை என்பது அவர் நம்பிக்கை. நிற்காமல் விரட்டிக்கொண்டு போகவும் மனசு வராது. அதனால் பெடலைப் பாதி அமுக்கி, இன்ஜினை உறுமவிட்டு, வலது கையால் நெற்றியைத் தொட்டுக்கொண்டே ஊர்ந்தார். கோயில் போன பிறகும் கால் பெடலிலேயே இருந்தது, அடுத்த கோயில் தூரத்தில் இல்லையே. எங்கள் பக்கம் கோயிலுக்கா பஞ்சம்?

இத்தனை வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து நானும்தான் கும்பிட்டிருக்கிறேன். அவர் காலைப் பார்த்ததில்லை.

கண்மாய்க் கரை ஏற்றத்தில் கருப்பசாமி கோயில். அங்கேயும் அதே அரைக் கிளட்ச், அதே கும்பிடு. இன்ஜின் அலறியது. கருகல் வாடை மூக்கைத் துளைத்தது. வண்டி முன்னால் போகாமல் பின்னால் உருள, பிரேக்கைப் பிடித்தார். இன்ஜினும் அணைந்து, சரியாகச் சாமிக்கு நேரே நின்றுவிட்டோம்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. ஜெயித்த சந்தோஷம் எனக்கு வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது. "எறங்கி ரெண்டு கையாலயும் கும்பிட்டு வாங்க. சாமிக்கு ஒரு கோவமும் இல்ல. கிளட்ச்சுக்குத்தேன் கோவம்" என்றேன். போய் வெகுநேரம் கும்பிட்டார்.

போன் செய்ததும் மெக்கானிக் பைக்கில் வந்தார். பானட்டைத் திறந்துகொண்டே, "அக்கா, நீங்களா ஓட்டுனீக?" என்று கேட்டார்.

"இல்ல தம்பி, நாந்தேன்" என்றார் கணவர். பானட்டுக்குள் பார்த்தபடியே, "எப்பவும் நாந்தேன்" என்றார்.

புதுக் கிளட்ச் போட்ட பிறகு விற்பது பற்றி அவர் பேசவில்லை. அன்றைக்குப் போக முடியாத காதுகுத்து வீட்டுக்கு மொய் செய்ய அதே வழியில் மறுபடி கிளம்பினோம். சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, கேட்காமலே இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார்.

கண்மாய்க் கரை வந்தது. அவர் கை நெற்றிக்குப் பாதி தூரம் போய் நின்றது.

"செத்த நிப்பாட்டுறியா?" என்று கேட்டார்.

ஓரங்கட்டி நிறுத்தி, இன்ஜினை அணைத்தேன்.