பூட்ஸ் போடாத ஸ்டோர்காரரும் நான் போட்ட பந்துக் கோடும்

பந்தாடற மைதானத்துல சுண்ணாம்புக் கோடு போடற வேலை மாதிரி நன்றிகெட்ட வேலை ஒலகத்துலயே கெடையாதுங்க. காத்தால குனிஞ்சவ மத்தியானம் நிமுந்தா, பொழுதோட இருபத்திரெண்டு பேரு வந்து அத்தனையும் தேய்ச்சுப்போட்டுப் போயிருவாங்க.

நான் பொறந்தது புதுச்சத்திரம். வாக்கப்பட்டு வந்தது மேட்டூரு. அப்ப அணை வேலை முடியற தறுவாயி. எங்கூட்டுக்காரருக்கு அணை ஸ்டோர்ல வேலைங்க, போல்ட்டு, கயிறு, சுண்ணாம்பு எல்லாம் எடுத்துக் குடுக்கறது. அவரு பேரச் சொல்ல மாட்டேன், ஊரே ஸ்டோர்காரருன்னுதான் கூப்புடும், நீங்களும் அப்படியே வெச்சுக்கோங்க. அணை ஆளுங்க பந்தாடற கிளப்புல கோடு போட்டுட்டிருந்த ஆளு சொல்லாமக் கொள்ளாம ஊருக்குப் போயிட்டான். எங்கூட்டு வாசல்ல நான் போட்ட கோலத்தப் பாத்த செக்ரட்டரி, கயிறும் முளைக்குச்சியும் குடுத்து நடுவட்டம் போடச் சொன்னாரு. ஒரே சுத்து, கோடு மொதல்ல தொட்ட எடத்துலயே வந்து முட்டிருச்சு. அந்த வேலை என்னோடதாயிருச்சு. பந்துப் பைத்தியத்தக் கட்டிக்கிட்டு அவஸ்தப்படற அக்கா தங்கச்சிகளா, இனி நான் சொல்றது உங்களுக்குத்தான்.

வாசலை அடைச்சா பந்து எப்படி வரும்?

மொத ஆட்டம் சேலத்து டீமோட. மைதானம் முச்சூடும் கோடு போட்டுட்டேன், நடுவட்டத்துல ஒரு சின்னப் பூவுங்கூட வெச்சேன், சும்மா மொட்டையா இருந்துச்சேன்னு. ஆனா ரெண்டு கம்பத்துக்கு நடுவுல மட்டும் கோடு போடல. அது பந்து வர்ற வாசலாச்சே! எங்கூட்டுல ஒருக்கா எங்க சின்ன நாத்தனா வாசப்படியில பூசணிக்காய அடுக்கி வெச்சு, எங்க மாமியா அதுல தடுக்கி உழுந்து, அது ஒரு பெரிய கதை... அது கெடக்குது.

ஆட்டம் முடியப்போற நேரம். நம்மாளு ஒதைச்ச பந்த, கோல் காக்கற சேலத்துக் கோலி அந்தக் கம்பத்துக்கு நடுவுல படுத்துப் புடிச்சுட்டான். கோலா, இல்லியா? ரெப்ரி ஓடியாந்து தரையப் பாத்தாரு. கோட்டக் காணோம்! ரெண்டு பக்கமும் நெஞ்சு நெஞ்ச முட்டிக்கிட்டு நிக்கறாங்க. செக்ரட்டரி மொகம் செவந்து, "ஏம்மா, இங்க கோடு எங்கம்மா?"ன்னாரு. "ஏனுங்க, வாசலைக் கோடு போட்டு அடைச்சா பந்து எப்படிங்க உள்ள வரும்?"னு கேட்டேன். பந்த ஒதைச்ச நம்ம பையன்தான் ரெப்ரி கையப் புடிச்சுக்கிட்டுச் சொன்னான்: "அந்தம்மா சொல்றதுதானுங்க நாயம், வாசலத் தெறந்து வெச்சது அந்தம்மா, உள்ள வந்தது நம்ம பந்து, கோல் குடுத்துருங்க!"

மிதிக்காத காலும் மிதிச்ச பூட்ஸும்

அடுத்தது வெள்ளக்கார ஆபீசருங்களோட ஆட்டம். அவிய அல்லாருக்கும் பூட்ஸு. நம்மாளுங்க அல்லாரும் வெறுங்காலு. எங்கூட்டுக்காரரும் பின்னால நின்னு தடுக்கற ஆளா எறங்கியிருந்தாரு. நான் மைதானத்து ஓரத்துல சுண்ணாம்புக் கூடையோட நின்னு கத்தறேன், தொண்ட போச்சு. ஆனா பாருங்க, நம்மாளுங்க கோடு வந்தா மிதிக்காம எகிறிக் குதிக்கறாங்க! சின்னதுல இருந்து "கோலத்த மிதிக்காதடா"ன்னு அம்மாகாரி தொடையில கிள்ளி வளத்த காலுங்க. பந்த உட்டுட்டுக் கோட்டத் தாண்டறானுங்க. துரைங்க என்ற கோட்டத் தேய்ச்சு மண்ணாக்கிட்டு நாலு கோல் போட்டாங்க.

முடிஞ்சதும் ஸ்டோருக்குப் பெரிய துரை எங்கூட்டுக்காரர் காலப் பாத்துச் சிரிச்சாரு. "உங்க நாட்டு டீமே வெறுங்காலுதான், அது எங்க ஜெயிக்கப்போவுது? பூட்ஸ் போட்டுட்டு வா, பெரிய ஸ்டோர்கீப்பர் வேலை உனக்குத்தான்"னாரு. சம்பளம் பெருசு, வேலைக்குத் தகுந்த கோட்டர்ஸ் உண்டு, கோட்டர்ஸுக்குள்ளயே தண்ணிக் கொழாயி உண்டு. எனக்கு அந்தக் கொழாய் மேலதான் கண்ணு. இவரு என்ன பண்ணுனாருங்கறீங்க? அங்கியே குனிஞ்சு என்ற கோட்டுச் சுண்ணாம்பத் தொட்டு நெத்தியில வெச்சுக்கிட்டு எங்கிட்டச் சொன்னாரு: "ஏம்புள்ள, நீயே சாட்சி, நம்ம நாட்டு டீமு வெறுங்கால்லயே ஒரு பெரிய எடத்துல ஜெயிக்கற வரைக்கும் இந்தக் காலு பூட்ஸுக்குள்ள போவாது, இது குலசாமி மேல ஆணை!"

அஞ்சு ஆட்டம்

எனக்கு வெசனமாப் போச்சுங்க. இருந்தாலும் நம்பிக்கைய உடல. சேலத்துக்குப் போயி ஒரு ஜோடி கறுப்பு பூட்ஸ் வாங்கியாந்து அட்டாலியில, அதான் பரண்ல, வெச்சுட்டேன். இன்னைக்கு இல்லீன்னா நாளைக்கு ஜெயிச்சுத்தான ஆவோணும்?

நம்ம நாட்டு டீமு கப்பலேறி ஆஸ்திரேலியாவுக்குப் போச்சு. அங்க அந்த நாட்டு டீமோட அஞ்சு ஆட்டம். பேப்பர்ல சேதி வந்ததும் எங்கூட்டுக்காரரு ஓடியாந்து அடுப்படிச் செவுத்துல கரித்துண்டுல எழுதுவாரு. மொத ஆட்டம் தோல்வி. ரெண்டாவது நாலுக்கு நாலு, சமம். மூணாவது ஆட்டத்துச் சேதி வந்த அன்னைக்கு எனக்குக் கையுங் காலும் ஓடல, நாலுக்கு ஒண்ணு, ஜெயம்! கொழம்ப அடுப்புல உட்டுட்டு அட்டாலி ஏறி பூட்ஸத் தூக்கியாந்து அவரு காலடியில வெச்சேன். பக்கத்தூட்டு ராமாயக்கா சூடமே கொண்டாந்துட்டா. "இரு புள்ள, இன்னும் ரெண்டு இருக்குது"ன்னாரு. அந்த ரெண்டும் தோத்துப் போச்சு. கொழம்பும் தீஞ்சு போச்சு. ராமாயக்கா உடல, "ஒண்ணுல ஜெயிச்சாச்சு தம்பி, ஆணை தீந்துச்சு, மாட்டிக்கோ"ன்னா. அவரு பூட்ஸ அவ கையில குடுத்துட்டுச் சொன்னாரு: "அஞ்சு ஆட்டத்துல ஒண்ணுதாங்கா ஜெயிச்சுது, வேணும்னா அஞ்சு வெரல்ல ஒண்ண மட்டும் உள்ள உட்டுக்கட்டுமா?"

செவுத்து வெள்ளை

அந்த வருசம் பொங்கலுக்கு ஊடு வெள்ளையடிச்சேன். மைதானத்துல மீந்த சுண்ணாம்பு இருக்குதே, கை சும்மா இருக்குமா? சந்தோசமா அடிச்சுக்கிட்டே போயி அடுப்படியையும் அடிச்சுட்டேன். நாட்டு டீமோட சரித்திரமே போச்சு! எந்த ஊரு, எத்தன கோலு, அதுக்கு முந்தி இலங்கைக்குப் போயி ஆடுனது, எல்லாமே அந்தச் செவுத்துலதான் இருந்துச்சு.

மனுசன் வந்து பாத்துட்டு அப்படியே உக்காந்துட்டாரு. அப்பறம் கண்ண மூடிக்கிட்டு ஒண்ணு விடாமச் சொன்னாரு, நான் கரித்துண்ட எடுத்து எழுதுனேன். எனக்கு எழுத்து வராதுங்க, தோல்விக்கு ஒரு கோடு, ஜெயத்துக்கு ஒரு பூவு, சமத்துக்கு ஒரு வட்டம். எட்டிப்பாத்த ராமாயக்கா மோவாயில கை வெச்சுக்கிட்டுச் சொன்னா: "கிறுக்கி, சாமியே பாத்து மூணு தோல்வியவும் அழிச்சுக் குடுத்துச்சு, அதப் போயி மறுக்கா எழுதறியே!"

லண்டன் சேதி

அப்பறம் ஒலகச் சண்டை வந்துச்சு, அரிசிக்கு வரிசை வந்துச்சு, செவுரு சும்மாவே கெடந்துச்சு. பெரிய ஸ்டோர்கீப்பர் வேலை ரெண்டு பேருக்குக் கைமாறிப் போச்சு, ரெண்டு பேரும் பூட்ஸு போட்டவங்க. சொதந்தரம் வந்து, துரைங்க போயி, நம்மாளே ஆபீசரா வந்தாரு. அந்த வேலை மறுக்கா காலியாச்சு, பூட்ஸ் சட்டம் மட்டும் அதேதான். "திங்கக்கெழமை பேரு முடிவாவுது, பூட்ஸோட வாங்க, இல்லீன்னா அடுத்த ஆளு"ன்னு சொல்லியுட்டாரு. அதுக்கு முந்தின சனிக்கெழமதான் லண்டன்ல ஒலிம்பிக்ல நம்ம டீமுக்கு ஆட்டம், பிரான்சு நாட்டோட! அட்டாலியில இருந்து பூட்ஸ எறக்குனா உள்ள எலி குட்டி போட்டிருக்குது. அஞ்சு குட்டி, செவந்து கெடக்குது. அதுகள வைக்கோல்ல மாத்தி வெச்சுட்டு, பூட்ஸத் தொடச்சு எண்ணெய் போட்டு வெச்சேன்.

ஞாயித்துக்கெழம காத்தால கிளப்பு சன்னலுக்கு வெளியில ஊரே நிக்குது, உள்ள ரேடியோவுல மொத நாளு ஆட்டத்துச் சேதி. மொத கோலு அவிய போட்டாங்க. அப்பறம் நம்மாளு ஒண்ணு போட்டுச் சமம் பண்ணுனானாம், நான் பக்கத்துல நின்னவரு தோளப் புடிச்சு உலுக்கிட்டேன், அப்பறந்தான் பாக்கறேன் அவரு செக்ரட்டரி. கோலிக்கு நேரா தனியா நின்னு ஒதைக்கற வாய்ப்பு ரெண்டு நமக்குக் கெடைச்சுதாம். ரெண்டும் போச்சு! அந்த ஒதைக்கு நாந்தான வருசம் முச்சூடும் புள்ளி வெக்கறேன்! கடைசி நிமிசத்துல அவிய இன்னொண்ணு. ரெண்டுக்கு ஒண்ணு. தோத்தாச்சு. வெறுங்காலோட ஆடுனவங்களப் பாத்து லண்டன் சனம் கை தட்டுச்சாம், அதக் கேட்டுக்கிட்டே எங்கூட்டுக்காரரு நடந்துட்டாரு. செவுத்துல நாந்தான் கோடு இழுத்தேன்.

திங்கக்கெழம காத்தால வாசலுக்குத் தண்ணி தெளிச்சேன், கோலம் போட கை வரல. இழவு உழுந்த ஊட்லதான கோலம் போட மாட்டாங்க? ராமாயக்கா பதறியடிச்சு ஓடியாந்தா. "யாரு புள்ள போய்ச் சேந்தது? எந்த ஊரு?" "லண்டன்லக்கா"ன்னேன். தேம்பிக்கிட்டே வெவரத்தச் சொன்னேன். பொறுமையாக் கேட்டுட்டு அவ சொன்னா: "அவ்வளவு தூரத்து ஒறவுக்கெல்லாம் தலைக்குத் தண்ணி ஊத்துனாப் போதும் புள்ள, எந்திரிச்சுக் கோலத்தப் போடு!"

ஆபீசர் ரூம்பு

தண்ணி ஊத்திக்கிட்டுக் கோலமும் போட்டுட்டு, பூட்ஸ மஞ்சப்பையில போட்டு எடுத்துக்கிட்டு அவரு பின்னாலயே போனேன். வழி நெடுவ, "ஏனுங்க, ஒரே ஒரு நாளைக்குப் போட்டுக்கோங்க, குலசாமிகிட்ட நான் பேசிக்கறேன்"னு கெஞ்சறேன். அவரு திரும்பிக்கூடப் பாக்கல. வேலை போனாப் போவுதுன்னு வெறுங்காலோட ரூம்புக்குள்ள போயிட்டாரு. நான் கதவோரம்.

ஆபீசர் மேசையில பேப்பர் விரிச்சுக் கெடந்துச்சு. அவரு பேப்பரப் பாத்தாரு, எங்கூட்டுக்காரரு காலப் பாத்தாரு, மறுக்கா பேப்பரப் பாத்தாரு. "பூட்ஸ் எங்கய்யா?"ன்னாரு. "ஜெயிச்சாப் போடறதா ஆணைங்க, ஜெயிக்கலீங்க"ன்னு இவரு மென்னு முழுங்கறாரு. "அதுக்காக வந்த வேலைய உட்டுருவீங்களா?" "நம்ம பசங்க லண்டன் வரைக்கும் போயி வெறுங்கால உடலீங்களே, நான் மேட்டூர்ல உட்டா நல்லாவாங்க இருக்கும்?" ஆபீசர் காயிதத்த இழுத்துக் கையெழுத்துப் போட்டு நீட்டிட்டு, கதவோரம் நின்ன என்னையும் என்ற மஞ்சப்பையையும் பாத்துச் சொன்னாரு: "லண்டன்ல ராசா முன்னாலயே அவங்க வெறுங்காலோட ஆடியிருக்காங்க, இந்த போல்ட்டு நட்டு முன்னால நீங்க பூட்ஸ் போட்டு நின்னு என்ன ஆவப்போவுது, போயி வேலையப் பாருங்க பெரிய ஸ்டோர்காரரே!"

அந்தக் கோட்டர்ஸுல கொழாயில தண்ணி மட்டும் வரவேயில்லீங்க, நானும் கடைசி வரைக்கும் கோடு போட்டுட்டேதான் இருந்தேன், ஆனா எங்கூட்டு பூட்ஸுக்குள்ள சொகமாக் குடியிருந்தது அந்த எலிக்குடும்பம் ஒண்ணுதானுங்க.