கதவு பூட்டியிருக்கு

நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் விடுங்கள். 1978 ஆகஸ்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில் எனக்கு நடந்தது இது. என் பெயர் அன்னாள். சாந்தன்பாறை ஏலத்தோட்டத்தில் பிறந்தவள். அப்போது எலப்புள்ளிக்குப் பக்கத்தில் ஓர் ஆலையில் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கம்ப்யூட்டருக்குத் திரை கிடையாது. கட்டளையைத் தட்டினால் பதிலைக் காகிதத்தில் தடதடவென்று அடித்துத் தரும். தப்பாகத் தட்டினால் வெறும் எண் வரும். எங்கே தப்பு, எப்படிச் சரிசெய்வது, ஒன்றும் தெரியாது. எழுதிய நாங்களே நாள் முழுக்கத் திண்டாடுவோம். எண்ணுக்குப் பதிலாக, என்ன நடந்தது, எங்கே, என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவைக்கலாம் என்றேன். மேலாளர் செபாஸ்டின் சார் ஒத்துக்கொள்ளவில்லை. தெரியாதவர்கள் கம்ப்யூட்டரோடு வந்த புத்தகத்தைப் புரட்டிக்கொள்ளட்டுமாம். மீறி மாற்றினால் வேலை போய்விடும் என்றும் சொன்னார்.

போனால் போகட்டும். ஆளில்லாத ஞாயிற்றுக்கிழமையில் போய் உட்கார்ந்து, எல்லாப் பிழைச் செய்திகளையும் மாற்றி எழுதினேன்.

மதியம் முடித்தேன். வெளியே மலைக் கணவாய்க் காற்று தகரக் கூரையை உலுக்கிக்கொண்டிருந்தது. சோதித்துப் பார்க்க, இல்லாத ஒரு கோப்பின் பெயரை வேண்டுமென்றே தட்டினேன். அப்படி ஒரு கோப்பு இல்லை என்று ஆங்கிலத்தில் வர வேண்டும்.

தட்... தட்... தட்...

மெதுவாக அடித்தது. யாரோ ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடிப்பதுபோல.

எழுத்து ஆங்கிலம்தான். சொற்கள் தமிழ்.

‘கதவு பூட்டியிருக்கு. பேட்டரி ரூம். திறங்க.’

நான் அப்படி எதையும் எழுதவில்லை. என்னைப் பயமுறுத்த யாரோ விளையாடுகிறார்கள் என்று கோபம் வந்தது. பேட்டரி அறை தாழ்வாரத்தின் கோடியில் என்று எப்போதோ காதில் விழுந்திருந்தது; அதுவரை அங்கே நான் போனதே இல்லை. போனேன்.

இரும்புக் கதவு. வெளியே தாழ்ப்பாள்.

உள்ளே... தட்டும் சத்தம்.

“யாரு உள்ள?” என்றேன்.

சத்தம் நின்றது.

 தாழ்ப்பாளை இழுத்தேன்.

யாருமில்லை. அமில நெடி மட்டும். பிறகு... சில்லென்று ஏதோ என் தோளை உரசிக்கொண்டு வெளியே போனது.

நான் ஓடவில்லை. திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தேன்.

காகிதத்தில் இன்னொரு வரி.

‘சரிங்க.’

மறுநாள் செபாஸ்டின் சார் பழைய எண்களையே திரும்பப் போடச் சொன்னார்.

“எடுக்க மாட்டேன் சார். வேணும்னா என்னைய வேலைய விட்டு எடுங்க.”

அவர் என்னையே பார்த்தார். பிறகு தன் அறைக்குத் திரும்பிப் போய்விட்டார். என் செய்திகள் நிலைத்தன.

அன்று மாலை, காவலாளி பெரியமுத்துவிடம் பேட்டரி அறையைப் பற்றிக் கேட்டேன். கதவைத் திறந்ததைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது.

“அங்க ஏதுங்க கதவு?”

கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். வெறும் சுவர். பூசி, வெள்ளையடித்த சுவர்.

அதன் பின்னால் இருந்த பேட்டரி அறையில் சுருளிவேல் என்ற தொழிலாளி மாட்டிக்கொண்டு இறந்துபோனதாகச் சொன்னார். அபாய மணியை அவன் அழுத்தியிருக்கிறான். காவல் அறைப் பலகையில் ஓர் எண் மட்டும் விளக்காக எரிந்திருக்கிறது.

“அது எந்த ரூம்னு அப்ப எனக்குத் தெரியலீங்க,” என்றார் பெரியமுத்து.

அதன் பிறகுதான் அறையை அடைத்துச் சுவர் எழுப்பினார்களாம்.

அந்தச் சுவர் எழும்பி ஒரு வருடம் கழித்துத்தான் எங்கள் கம்ப்யூட்டர் அந்த ஆலைக்கே வந்தது.