படையலுக்கு வந்த சட்டை

போனில் சட்டை வாங்குகிறவர்களுக்கு என்னைக் கழுத்துக்குக் கீழே நன்றாகத் தெரியும். கோவில்பட்டியில் துணிக்கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் ஆன்லைனிலும் விற்கிறார். அந்தச் சட்டைகளைப் போட்டுக்கொண்டு நிற்பதும் நான்தான், படம் எடுப்பதும் நான்தான். "தல வேண்டாம் அண்ணாச்சி, தல வந்தா சட்ட போவாது" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். என் வீட்டிலும் ஏறக்குறைய இதே கருத்துதான். மாடி அறையில் வெள்ளை வேட்டியைச் சுவரில் கட்டி, கேமராவை முக்காலியில் வைத்து, அது தானாகப் படமெடுப்பதற்குள் ஓடிப்போய் நிற்பேன். கரிசல் புழுதியில் வேட்டி மதியத்துக்குள் பழுப்பேறிவிடும்.

அதே அறையில் இன்னொரு பிழைப்பும் உண்டு. இறந்தவர்களுக்குத் தெருமுனையில் வைக்கும் அஞ்சலித் தட்டி. எங்கள் பக்கத்து வெள்ளாமைச் சம்சாரிகள் உயிரோடு இருக்கும்போது ஸ்டூடியோ பக்கம் வரமாட்டார்கள். செத்த பிறகு, ஆதார் அட்டையில் முழித்துக்கொண்டிருக்கும் தலை மட்டும் வரும். அதை வெட்டி, நான் போட்டு நின்ற ஏதாவது ஒரு சட்டைக்கு மேல் ஒட்டிவிடுவேன். விளாத்திகுளம் வரை பஸ்ஸில் போனால், நான் எத்தனை ஊரில் செத்திருக்கிறேன் என்று பார்க்கலாம்.

போன தையில் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண், கணவனின் அண்ணனோடு வந்தாள். மிளகாய்க்கு மருந்தடிக்கப் போன கணவன் காட்டிலேயே விழுந்துவிட்டான். பதினாறாம் நாளுக்குத் தட்டி வேண்டும். அட்டையோடு ஒரு பார்சலும் கொண்டுவந்திருந்தாள். அவன் போனில் பார்த்து ஆசைப்பட்டு ஆர்டர் போட்ட சட்டை. சடலம் எடுத்த மறுநாள் வந்து சேர்ந்ததாம்.

பிரித்தேன். பாயின் சட்டை. நான் போட்டு நின்ற அதே நீலக் கட்டம்.

"இது எங்கிட்ட படமாவே இருக்கு தாயி. தலைய வச்சாப் போதும்" என்றேன்.

"அது வேற சட்ட அண்ணாச்சி. இதுதான் அவிய சட்ட. இத எடுங்க."

எடுக்க வேண்டுமென்றால் யாராவது போட வேண்டும். அண்ணன்காரர் குறுக்கே வந்தார்.

"அது படையல்ல வைக்கணும்வே. செத்தவனுக்குக் கோடித்துணிதான் வைக்கது. நீரு போட்டுக் கழத்துனத வச்சா அவன் எடுப்பானா?"

சட்டையைத் தரையில் விரித்து, உள்ளே பேப்பரைத் திணித்து, மேலிருந்து எடுத்தேன். கம்ப்யூட்டரில் தலையை வைத்ததும் அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"படுத்துக் கெடக்காவ" என்றாள். "காட்டுல கெடந்த மாதிரியே இருக்கு. வேண்டாம்."

எதற்கும் ஒரு கேலி கையிருப்பு வைத்திருப்பவன் நான். அந்தப் படத்தை அழித்தேன்.

"படையலுக்கு வேட்டி வாங்கிக்கிடலாம் அத்தான்" என்றாள் அவரிடம். "அவிய இதப் போட்டு நிக்கத நான் ஒருதடவ பாக்கணும்."

"ஏட்டி, ஊருல கேட்டா என்ன சொல்ல?"

"நாந்தான் போடச் சொன்னேன்னு சொல்லுங்க."

அவர் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

போட்டேன். தொளதொளவென்று தொங்கியது. படத்தில் எங்கள் சட்டைகள் உடம்போடு ஒட்டி நிற்பதெல்லாம் முதுகுப்பக்கம் மாட்டும் துணிக்கிளிப்புகளின் புண்ணியம். பழக்கத்தில் நாலைந்தை மாட்டிவிட்டேன். அவள் பின்னால் வந்து ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

"அவிய எப்பவும் பெரிசாத்தான் எடுப்பாவ. தொவச்சா சுருங்கிருமாம்."

எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். கேமராவுக்குப் பின்னால் நின்று, என் முகத்தை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பார்த்தாள்.

"எடது தோளக் கொஞ்சம் எறக்குங்க."

மருந்து டப்பா சுமந்து சாய்ந்த தோளாக இருக்கும். இறக்கினேன்.

"இன்னும் கொஞ்சம்... ஆங், அப்படியே நில்லுங்க."

நின்றேன். அவள் பொத்தானை அமுக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.