எல்லாருக்கும் பனி பிடிக்கும்

ஆனக்குழி ஏரியில் வழிகாட்டியாக உயர்த்தப்பட்ட அன்று முனீஸ்வரனுக்குப் பச்சை ஜாக்கெட் ஒன்றும் பைனாகுலர் ஒன்றும் கொடுத்தார்கள். பைனாகுலரில் ஒரு கண்ணுக்குத்தான் தெரியும். அதனால் என்ன, முன்பு அதை வைத்திருந்தவருக்கும் ஒரு கண்ணுக்குத்தான் தெரிந்தது. வண்டிப்பெரியாரில் பஸ் இறங்கி எஸ்டேட் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்கு நடந்தபோது உச்சி வெயில். ஜாக்கெட்டை அவர் கழற்றவில்லை. நாலு பேர் பார்க்க வேண்டுமென்றால் கொஞ்சம் வேர்க்கத்தான் செய்யும்.

அதுவரை ஏரியின் வண்டி நிறுத்துமிடத்தில் விசில் ஊதிக்கொண்டிருந்தார். அதற்கும் முன்னால் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. தொழிற்சாலையைப் பூட்டியபோது கொழுந்து இல்லாமலே வாடினார். அப்புறம்தான் ஏரியையும் காட்டையும் பார்த்துக்கொள்ளும் வனக் குழுவில் இடம் கிடைத்தது. பின்னால் எடுக்கும் கார்களுக்கு "போட்டே, போட்டே" என்று குரல் கொடுத்துக் கொடுத்து, மலையாளத்தில் தனக்கு இனிக் கற்க ஏதுமில்லை என்ற முடிவுக்கு வந்திருந்தார்.

முனீஸ்வரன் பிறந்ததும் வளர்ந்ததும் இடுக்கி மலையில்தான்; சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தது அவருடைய தகப்பனார். ஆனாலும் லயத்தில் பேச்சு தமிழ், கோயிலில் தமிழ், சண்டையில் இன்னும் நல்ல தமிழ். எனவே அவருடைய மலையாளத்துக்கு அவரே இலக்கணம் வகுத்துக்கொண்டார். தமிழில் ஒரு வாக்கியத்தைச் சொல்லி அதன் வாலில் ஓர் 'ஆணு' கட்டிவிட வேண்டும். சந்தேகம் வந்தால் மூக்கால் பேச வேண்டும். இந்த முறையில் ரேஷன் கடையிலோ பஞ்சாயத்து ஆபீசிலோ அவர் தோற்றதே கிடையாது. அங்கே இருப்பவர்களுக்குத் தமிழ் தெரியும் என்பது வேறு விஷயம்.

குழுவின் டிக்கெட் கவுண்டரும் கணக்கும் பிலோமி சேச்சியின் கையில். கிறிஸ்துமஸ் வரை பார்ப்போம், வருகிறவர்கள் சந்தோஷமாகப் போனால் ஜாக்கெட் உங்களுக்கு, இல்லையென்றால் பழைய விசில் என்று அவர் முதல் நாளே சொல்லிவிட்டார். விசில் அவருடைய மேசை இழுப்பறையில் கிடந்தது. இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் அது உருண்டு ஒரு சத்தம் போடும். முனீஸ்வரன் ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துக்கொள்வார். ஏனென்றால் மனைவி முருகேஸ்வரியைக் கொழுந்துக் காட்டில் இப்போது எல்லாரும் "கைடு வீட்டம்மா" என்றுதான் கூப்பிட்டார்கள். அவளும் அதற்கு மட்டும்தான் திரும்பிப் பார்த்தாள். பட்டம் போனால் போனது அவருடையது மட்டுமாக இருக்காது.

ஏரியில் பார்க்க என்ன இருக்கிறது என்றால், யானை சில நாள் வரும், பல நாள் வராது. மான் அக்கரையில் தெரியும், பைனாகுலரின் நல்ல பக்கம் வைத்துப் பார்த்தால். தவறாமல் வருவது பனி ஒன்றுதான். விடியற்காலையில் ஏரி முழுவதும் மூடிக் கிடக்கும். மூங்கில் தெப்பம் அதற்குள் போகும்போது தண்ணீரில் நிற்கும் பட்டமரங்களும் அவற்றின் மேல் உட்கார்ந்திருக்கும் நீர்க்காகங்களும் ஒவ்வொன்றாக வெளியே வரும். இதைத்தான் விற்க வேண்டும் என்று முனீஸ்வரன் முடிவு செய்தார். வியாபார புத்தியில் குறையில்லை.

முன்பதிவு செய்தவர்களை முந்தைய நாள் போனில் அழைத்து விவரம் சொல்வது வழிகாட்டியின் வேலை. முதல் அழைப்பு கோட்டயத்து டாக்டர் ஒருவரின் குடும்பத்துக்கு. குழந்தைகளைக் கொண்டு வரலாமா என்று டாக்டர் கேட்டார்.

"தாராளமா சார். இவிட நல்ல பனி ஆணு. வந்தா எல்லாருக்கும் பனி பிடிக்கும். குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும் ஆணு."

இங்கே மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். பனி பிடிக்கும் என்றால் காய்ச்சல் பற்றிக்கொள்ளும். இது முனீஸ்வரனுக்குத் தெரியாததல்ல. ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் "பனி ஆணு டாக்டர்" என்று அவரே சொல்வார். ஆனால் அவருடைய தலைக்குள் ஆஸ்பத்திரி ஓர் அறையிலும் ஏரி ஓர் அறையிலும் இருந்தன. நடுவில் கதவு வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

எல்லாருக்குமா என்று டாக்டர் மறுபடி கேட்டார். எல்லாருக்கும், அதற்கு நான் பொறுப்பு என்றார் முனீஸ்வரன். கட்டாயம் ஸ்வெட்டர் கொண்டுவரச் சொன்னார். டாக்டர் குடும்பம் வரவில்லை.

டவுன்காரர்களுக்கு விடியலில் எழுந்திருக்க உடம்பு வணங்காது என்று அவர் எண்ணிக்கொண்டு, அடுத்த அழைப்பில் புகழ்ச்சியைக் கூட்டினார். எர்ணாகுளத்து ஆசிரியைகளிடம், பனி கூடினால் பக்கத்தில் இருக்கிற ஆளே கண்ணுக்குத் தெரியாது என்றார். பாங்க் ஊழியர் சங்கத்திடம், எட்டு மணிக்குள் வந்துவிடுங்கள், அப்புறம் வந்தால் பனி கிடைக்காமல் ஏமாந்து போவீர்கள் என்றார். போன வாரம் வந்த ஒரு சார், இப்படியொரு பனி ஆயுளில் கண்டதில்லை என்று அழுதேவிட்டார் என்றும் சேர்த்துக்கொண்டார். ஒருவரும் வரவில்லை. பிலோமி சேச்சி இழுப்பறையை அடிக்கடி திறக்க ஆரம்பித்தார்.

கடைசியில் ஒரு நாள் விடியற்காலை, ஒரு ஜீப் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். வாயில் மாஸ்க், கையில் பெட்டி, உறை. குளிருக்கு இவ்வளவு முன்னேற்பாடு செய்து வந்த விருந்தினர்களை முனீஸ்வரன் அதுவரை கண்டதில்லை. மனம் நிறைந்துவிட்டது. அவர்கள் சுகாதாரத் துறையிலிருந்து வந்திருந்தார்கள். ஆனக்குழிக்குப் போனால் எல்லாருக்கும் பனி பிடிக்கிறது என்று வாட்ஸாப்பில் எங்கெங்கோ சுற்றிய செய்தி அவர்களிடமும் வந்திருந்தது. அவர்களில் பெரியவர், பனி எங்கே என்று கேட்டார்.

"வாங்க சார், காட்டித் தாரேன். நேரத்துக்குத்தான் வந்திருக்கிய" என்று முனீஸ்வரன் முன்னால் நடந்தார். எல்லாரும் பெட்டிகளோடு பின்தொடர்ந்தார்கள். வழியில் அட்டை கடிக்காமலிருக்கப் பொடியும் தூவிக் கொடுத்தார். கரைக்கு வந்ததும் பச்சை ஜாக்கெட்டின் கையை நீட்டி ஏரியை ஒரு வீச்சு வீசிக் காட்டினார்.

"இதா சார், பனி."

வெள்ளையாக அது கிடந்தது. ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்தது. சுகாதார அதிகாரி வெகுநேரம் ஏரியைப் பார்த்தார். பிறகு மாஸ்கைக் கீழே இறக்கி, "சேட்டா, இது மஞ்சு" என்றார். அந்த மனிதர் கோபக்காரர் அல்ல. வந்ததற்குத் தெப்பத்தில் ஒரு சுற்றுப் போய்விட்டுத்தான் ஜீப்பில் ஏறினார்.

பிலோமி சேச்சி அவ்வளவு சாந்தமானவர் அல்ல. இன்னொரு வழிகாட்டி ஜிபின் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். இனி மலையாளிகளோடு ஒரு சொல் பேசக்கூடாது என்று சேச்சி உத்தரவு போட்டார். சனிக்கிழமை ராஜபாளையத்திலிருந்து ஒரு ஜவுளிக்கடைக் குடும்பம் வருகிறது, தமிழர்கள், உங்கள் ஆட்கள், அதிலும் சொதப்பினால் விசிலை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்றார்.

முனீஸ்வரன் திருந்தினார். திருந்துவதென்றால் அரைகுறையாகத் திருந்தத் தெரியாத மனிதர். தன்னை அவமானப்படுத்திய பனி என்ற அந்தச் சொல்லை வாயிலிருந்தே விலக்கி வைத்தார். மஞ்சு, மஞ்சு என்று பல் தேய்க்கும்போது சொன்னார். மஞ்சு என்று சொல்லிக்கொண்டே கட்டன்சாயா குடித்தார். முருகேஸ்வரி இதைக் கேட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. குழம்பில் மட்டும் உப்புக் குறைந்துகொண்டே வந்தது.

ராஜபாளையத்து ஆட்கள் வெள்ளிக்கிழமை மாலையே வந்து ஏரிக்கரை விடுதியில் தங்கினார்கள். கடை முதலாளி, தம்பிமார், மாப்பிள்ளைமார், எல்லாருடைய மனைவிமார். விடியலில் எழுந்திருப்பது நடக்கிற காரியமில்லை, சாவகாசமாகப் பத்து மணிக்குத் தெப்பத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார் முதலாளி. பத்து மணிக்குத் தெப்பத்தில் இருப்பது வெயில் மட்டும்தான். முனீஸ்வரனின் காதில் விசில் உருண்டது. விடுதி முற்றத்தில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"அண்ணாச்சி, பத்து மணிக்கு வந்தா மஞ்சு போயிரும். ஆறு மணிக்கு வாங்க. மஞ்சு அந்த மலையிலேருந்து மெள்ள எறங்கி வரும். தெப்பத்துக்குப் பக்கத்துல வந்து தொட்டுக்கிட்டே போகும். ஒரு தடவ பாத்தவுக மறக்க மாட்டாக."

தென்மாவட்டங்களில் பெண்பிள்ளைகளை வருது, போகுது என்று சொல்வதுதான் வழக்கம். முற்றத்தில் எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின. சின்ன மாப்பிள்ளை மட்டும், அது தினமும் வருமா என்று கேட்டார். தினமும் வரும், மழை பெய்தால்தான் வராது என்றார் முனீஸ்வரன், தன் தொழிலில் கரைந்துபோய்.

மறுநாள் ஆறு மணிக்கு முன்பே ஆண்கள் எல்லாரும் தலைசீவிக் கரையில் நின்றார்கள். முதலாளி செண்ட் போட்டிருந்தார். அவர்களுக்கு முன்னால் பெண்கள் எல்லாரும் நின்றார்கள். தெப்பம் அன்றைக்குத்தான் முதல்முறையாக நிறைந்தது. முனீஸ்வரன் துடுப்புப் போட, வெள்ளைக்குள் நுழைந்தார்கள். பட்டமரம் ஒன்று வெளியே வந்தது. ஆண்கள் கழுத்தை நீட்டினார்கள். நீர்க்காகம். மறுபடி நீட்டினார்கள். இன்னொரு நீர்க்காகம். நடு ஏரியில், முதலாளியின் மனைவி பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார்.

"அண்ணாச்சி, எங்க அந்தச் சிறுக்கி?"

"யாரும்மா?"

"மஞ்சுன்னு சொன்னீகளே."

"இந்தா, நம்மளச் சுத்தித்தானே நிக்கு."

அந்த அம்மாள் சிரிக்க ஆரம்பித்ததில் தெப்பம் ஆடியது. எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். ஆண்கள் இயற்கைக் காட்சியை மிகக் கவனமாகப் பார்த்தார்கள். கரை திரும்பியதும் அந்த அம்மாள் நேரே கவுண்டருக்குப் போய், கல்யாணம் ஆனதிலிருந்து எங்க வீட்டுக்காரரை விடியலில் எழுப்பின ஒரே மனுசன் இவர்தான், இவரை விட்டுவிடாதீர்கள் என்று பிலோமி சேச்சியிடம் சொன்னார். அடுத்த மாதம் தன் தங்கைமார் குடும்பங்களையும் அனுப்புவதாகச் சொன்னார். மஞ்சுவைப் பற்றி அவர்களுக்கு முன்கூட்டியே விளக்கக் கூடாது என்பது நிபந்தனை. சேச்சி இழுப்பறையைத் திறந்து விசிலை ஜிபினிடம் கொடுத்தார், வண்டி நிறுத்துமிடத்தில் கொடுத்துவிடச் சொல்லி.

ஜாக்கெட் நிரந்தரமான செய்தியோடு முனீஸ்வரன் லயத்துக்கு வந்தபோது, அவருக்கு முன்னால் வேறு செய்தி வந்து சேர்ந்திருந்தது. முருகேஸ்வரி வாசலில் நின்றாள்.

"மஞ்சு வந்தாளா?"

"ஏட்டி, அது ஆளில்ல. மலையாளத்துல சொல்லுதது. மஞ்சுன்னா பனி."

முருகேஸ்வரி சற்று யோசித்தாள். பிறகு கிட்டே வந்து புறங்கையை அவர் கழுத்தில் வைத்துப் பார்த்தாள்.

"சூடு ஒண்ணும் காணமே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.