பிஸ்கட் பெல்ட்டும் பொய் சொல்லாத பிள்ளையும்

பிஸ்கட் தொழிற்சாலையில பிஸ்கட் சுடுறது மிஷின், லாபம் எடுக்கிறது முதலாளி, இடையில நிண்டு மூச்சு வாங்கிறது நாங்கள். பிஸ்கட்டைச் சுமந்துகொண்டு ஓடுற பெல்ட்டுக்கு முன்னால நிண்ட ஆட்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. நிக்காத ஆட்கள் குடுத்து வைச்சனீங்கள், ஆறுதலா இருந்து வாசியுங்கோ.

எழுபதுகளில, எங்களைப் போல நிறமுள்ள ஆட்களையும் ஒஸ்ரேலியாவுக்குள்ள விடத் தொடங்கின காலத்தில, நானும் என்ர மனுசனும் மெல்பேர்னுக்கு வந்தனாங்கள். கொழும்பில நான் ஒரு கந்தோரில ரைப்பிஸ்ட். இஞ்சை ஏறி இறங்கின கந்தோரிலயெல்லாம் உள்ளூர் அனுபவம் இருக்கோ எண்டு கேட்டிச்சினம். பிஸ்கட் தொழிற்சாலை மட்டும்தான் கை ரெண்டும் இருக்கோ எண்டு கேட்டுது. இருந்துது, சேர்ந்திட்டன்.

முதல் நாள் பாடம்

எங்கட லைனுக்கு மேற்பார்வைக்காரி டோரீன். கறாரான வெள்ளைக்கார மனுசி, ஆனா கெட்டவ இல்லை. ஆர் புதுசா வந்தாலும் தானே பக்கத்தில நிண்டு பாடம் எடுப்பா. பிஸ்கட்டை ஒண்டொண்டா எடுக்க வேணும். முன்பக்கம் பாக்க வேணும், திருப்பிப் பின்பக்கம் பாக்க வேணும். வெடிப்பு இருக்கோ எண்டு விரலால தட்டிப் பாக்க வேணும். பேந்துதான் தட்டில அடுக்க வேணும். தட்டு நிரம்பினால் கையைத் துணியில துடைச்சுப்போட்டு அடுத்த தட்டு. ஐயர் பூசை முறை சொல்லுற மாதிரிச் சொல்லுவா.

நானும் பயபக்தியோட ஒண்டை எடுத்துத் திருப்பிப் பாத்தன். நிமிர்ந்து பாத்தால் ஒரு கூட்டம் பிஸ்கட் என்னைக் கடந்து போட்டுது. எனக்குப் பக்கத்தில நிண்டவ வூலா எண்ட கிரேக்க மனுசி. கனகாலமா அந்த பெல்ட்டில நிக்கிறவ. ஒரு கையால ஆறு ஆறா அள்ளி, பாக்காமலே தட்டில அடுக்கிக்கொண்டு நிண்டா. டோரீன் அங்கால போனதும் என்ர காதுக்குள்ள குனிஞ்சா. நாங்கள் கதைச்சதெல்லாம் அரைகுறை இங்கிலிஸ், உங்களுக்குத் தமிழில சொல்லுறன்: "அவ சொன்னதை மறந்திடு. என்ர கையைப் பார்."

விருந்தாளி கொண்டுவந்த சாமான்

அப்ப நாங்கள் கிளேட்டனில ஒரு வாடகை வீட்டில இருந்தனாங்கள். மெல்பேர்னில தமிழ் ஆட்கள் கொஞ்சப்பேர்தான். ஆரும் வீட்டுக்கு வந்தால் வெறுங்கையோட வரமாட்டினம், பிஸ்கட் ரின்னோடதான் வருவினம். அதுவும் எங்கட தொழிற்சாலை ரின்! கிழமை முழுக்க அதோட மாரடிச்சிட்டு, சனிக்கிழமை அதையே தேத்தண்ணியோட நீட்டினால் மனுசருக்கு எப்பிடி இருக்கும் சொல்லுங்கோ.

ஒருநாள் எங்களுக்குத் தெரிஞ்ச தவம் அண்ணை வந்தார், ரின்னும் கையுமா. கூடவே தன்ர மனுசியின்ர தங்கச்சி செல்வியையும் கூட்டிக்கொண்டு வந்தார். யாழ்ப்பாணத்தில இருந்து வந்து ரெண்டு மாதம். படிக்கேக்கை வகுப்பில எப்பவும் முதலாம் பிள்ளையாம், தப்பித் தவறியும் வாயில பொய் வராதாம். எங்கட லைனில ஒரு வேலை எடுத்துக் குடுக்க ஏலுமோ எண்டு கேட்டார். பிள்ளையைப் பாக்க எனக்கும் பிடிச்சுக்கொண்டுது. டோரீனிட்டைக் கேட்டுப் பாக்கிறன் எண்டன். போகேக்கை தவம் அண்ணை வாசலில நிண்டு சொன்னார்: "சரியான கெட்டிக்காரி. உங்களுக்கு நல்ல பெயர் எடுத்துத் தருவாள்."

எடுத்துத் தந்த பெயர்

வேலைக்குச் சேர்ந்த செல்விக்கும் டோரீன் முதல் நாள் பாடம் எடுத்தா. டோரீன் அங்கால போனதும் நான் என்ர பாடத்தை எடுத்தன், ஆறை அள்ளக் காட்டிக் குடுத்தன். அவள் ஒரு நாளில ஆறு பழகினாள். மாதம் முடிய முதல் எட்டு! அவள் நிக்கிற இடத்தைத் தாண்டி பெல்ட் வெறுமையாப் போகும். டோரீன் மனேச்சரைக் கூட்டி வந்து காட்டினா. அந்தாள் வாயைப் பிளந்துகொண்டு நிண்டிட்டு, வாற கிழமை மணிக்கூட்டோட ஒராள் வந்து செல்வியின்ர வேகத்தை அளப்பார், பேந்து அந்த வேகத்துக்கு பெல்ட்டைக் கூட்டுறது எண்டு சொல்லிப்போட்டுப் போனார்.

எனக்கு உடன வூலாவின்ர நினைப்புத்தான் வந்துது. அவவின்ர வலது மணிக்கட்டு வீங்கிப் போய்க் கிடந்தது. காலமையில கோப்பை பிடிக்க ஏலாது, துணி சுத்திக்கொண்டுதான் வேலைக்கு வருவா. அவவின்ர மனுசன் கார்த் தொழிற்சாலையில முதுகு முறிஞ்சு வீட்டில, இவவின்ர உழைப்பிலதான் குடும்பம். முந்தி ஒருக்கா பெல்ட்டின்ர வேகத்தைக் கூட்டினபோது ஈடு குடுக்க ஏலாத ஒரு மனுசியை வீட்டை அனுப்பினவை. இனிக் கூட்டினால் போறது வூலாதான் எண்டு எல்லாருக்கும் தெரியும். ஆனா வூலா எப்பவும் போல என்னைப் பாத்துச் சிரிச்சா, அதுதான் எனக்குத் தாங்கேலாமல் போச்சு. மற்ற ஆட்கள் விடுவினமே? தேத்தண்ணி நேரம் இத்தாலிக்காரி ரோசா தன்ர கதிரையை எனக்குப் பக்கத்தில இருந்து இழுத்து அங்கால போட்டிட்டுக் கேட்டா: "உங்கட நாட்டில ஒருத்தருக்கும் கை நோகிறதில்லையோ?"

ரயிலில ஒரு சண்டை

அண்டு பின்னேரம் வீட்டை போகேக்கை ரயிலில செல்வியைப் பக்கத்தில இருத்தி, வூலாவின்ர நிலைமையை விளக்கமாச் சொன்னன். அந்தாள் அளக்க வரேக்கை கொஞ்சம் மெதுவாச் செய், அவ்வளவுதான், பிள்ளை எண்டன். அவளுக்குக் கண் கலங்கிப் போச்சு. ஆனா, "கை ஏலும் எண்டேக்கை ஏலாத மாதிரி எப்பிடி அக்கா நடிக்கிறது? அது பொய்தானே?" எண்டாள்.

எனக்கு வந்துதே கோபம்! ஓங்கி ஒண்டு குடுத்தால் என்ன எண்டு இருந்துது. "பெரிய அரிச்சந்திரன்! டோரீன் முதல் நாள் சொல்லித் தந்ததில ஒண்டையாவது நீ செய்யிறியோ? திருப்பிப் பாக்கிறியோ? தட்டிப் பாக்கிறியோ?" எண்டு கத்தினன். வாயில வந்ததைச் சொன்னனே தவிர வேறை ஒரு யோசினையும் எனக்கு இருக்கேல்லை. முன்னால இருந்த வெள்ளைக்காரக் கிழவன் பேப்பரை இறக்கிப்போட்டுப் பாத்தார். கிளேட்டனில இறங்கேக்கை செல்வி கேட்டாள்: "அப்ப நான் இவ்வளவு நாளும் செய்ததுதான் பிழையோ, அக்கா?"

மணிக்கூட்டோட வந்தவர்

அவர் ஒரு மெலிஞ்ச மனிசன், கழுத்துப்பட்டி கட்டி, கையில ஓட்டப்போட்டிக்குப் பிடிக்கிற மணிக்கூடு. ஒரு பக்கம் மனேச்சர், மற்றப் பக்கம் டோரீன். லைன் முழுக்கச் செத்த வீடு மாதிரி இருந்துது. வூலா துணியை இறுக்கிச் சுத்திக்கொண்டு நிண்டா. நான் கண்ணை மூடி நல்லூர்க் கந்தனுக்கு ஒரு கும்பிடு போட்டிட்டுத் திறந்தன்.

செல்வி ஒரு பிஸ்கட்டை எடுத்தாள். ஒரேயொரு பிஸ்கட். முன்பக்கம் பாத்தாள், திருப்பினாள், பின்பக்கம் பாத்தாள், விரலால தட்டினாள், அடுக்கினாள். பேந்து அடுத்தது. பெல்ட் நிறைஞ்சு, கரையால வழிஞ்சு, பிஸ்கட் நிலத்தில கொட்டுண்டுது. டோரீன் முகம் சிவந்து, என்ன செய்யிறாய் எண்டு கத்தினா. செல்வி வகுப்பில எழும்பி நிண்டு பதில் சொல்லுற பிள்ளை மாதிரி, "நீங்கள் சொல்லித் தந்த மாதிரித்தான் செய்யிறன், மிசிஸ் டோரீன். ஏதாவது விட்டிட்டனோ?" எண்டாள். மனேச்சருக்கு முன்னால தன்ர பாடத்தையே பிழையெண்டு சொல்ல ஏலுமே, இல்லையெண்டு தலையை ஆட்டினா. வூலா சிரிப்பை அடக்கிக்கொண்டு தானும் ஒரு பிஸ்கட்டை எடுத்து மெதுவாத் திருப்பினா. பிறகு நான், பிறகு ரோசா, பிறகு முழு லைனும். வந்த மனிசன் மணிக்கூட்டைப் பாத்தார், நிலத்தைப் பாத்தார், மனேச்சரைப் பாத்துச் சொன்னார்: "இதுதான் உங்கட முறையெண்டால், ஐயா, பெல்ட்டுக்கு இப்பவே வேகம் கூடிப்போச்சு."

அடுத்த நாள்

பெல்ட்டைக் கூட்டுற கதை அதோட நிண்டுது. வூலா கையில சுத்தின துணியோட, ஆனா வேலையோட நிண்டா. ரோசா கதிரையைத் திரும்பவும் எனக்குப் பக்கத்தில இழுத்துப் போட்டா. எல்லாம் சுபம் எண்டு நினைச்சு வந்து பாத்தால், செல்வி ஒண்டொண்டா எடுத்துத் திருப்பிக்கொண்டு நிக்கிறாள்! அண்டைக்கு நடிச்சிருந்தால் அண்டையோட விட்டிருப்பாள். இவளுக்கு அதுதான் சரியான முறையெண்டு மனசில பட்டுப் போச்சு. அவள் எடுக்காமல் விட்ட பிஸ்கட்டெல்லாம் வூலாவின்ர தலையிலயும் என்ர தலையிலயும்தான். தான் சொல்லிக் குடுத்த முறையெண்டபடியால் டோரீனும் பாத்தும் பாக்காத மாதிரி விட்டிட்டா.

தேத்தண்ணி நேரம் வூலா துணியை அவிட்டு, வீங்கின மணிக்கட்டைக் குளிர்தண்ணிக்குள்ள வைச்சா. செல்வியைக் கூப்பிட்டுக் கன்னத்தில கொஞ்சினா. பேந்து என்ர பக்கம் திரும்பிச் சொன்னா: "தங்கமான பிள்ளை, என்னைக் காப்பாத்தினவள். பின்னேரத்துக்கிடையில இவளுக்குக் கொஞ்சம் பொய் சொல்லப் பழக்கு, இல்லாட்டி என்ர கை போயிடும்."

ஆறை அள்ள அவளுக்கு ஒரு நாளில பழக்கின எனக்கு, எட்டு அள்ளக்கூடிய கையை ஆறோட நிப்பாட்டப் பழக்கத்தான் அந்தக் குளிர்காலம் முழுக்கத் தேவைப்பட்டுது.