அரை மீட்டர் இடைவெளிக்காக ஆரையம்பதியில் பதினெட்டு நாள்

கடந்த ஏப்ரலில் பதினெட்டு நாள் மட்டக்களப்புக்குப் பக்கத்தில் ஆரையம்பதியில் தங்கி சைக்கிள் பயிற்சி எடுத்தேன். "சைக்கிள் ஓட்ட இலங்கைக்கா?" என்று திருச்சியில் கேட்காதவர் இல்லை. அதனால் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு வயது நாற்பத்து நான்கு. ரேஸ் சைக்கிள் வாங்கியதே முப்பத்தெட்டில்தான். ஜூலையில் எங்கள் சைக்கிள் மன்றம் நாற்பது வயது தாண்டிய பெண்களுக்கான நால்வர் அணிப் போட்டிக்குப் போகிறது. இந்தப் போட்டியில் நான்கு பேரும் ஒருவர் பின் ஒருவராக ஒட்டி ஓட்ட வேண்டும். முன்னால் இருப்பவர் எதிர்க்காற்றை வாங்கிக்கொள்வார், பின்னால் இருப்பவர்களுக்குச் சிரமம் குறையும். ஆனால் முன்சைக்கிளுக்கும் நம் சைக்கிளுக்கும் நடுவே அரை மீட்டருக்கு மேல் இருந்தால் அந்தப் பலன் குறைந்துவிடும். இரண்டு வருடம் முன்பு இப்படி ஒட்டி ஓட்டியபோது சக்கரம் தட்டி விழுந்து காறை எலும்பு முறிந்தது. அன்றிலிருந்து இரண்டு மீட்டருக்குள் நெருங்கினால் என் விரல்கள் தாமாகவே பிரேக்கைப் பிடித்துவிடும். அணித் தலைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: ஏப்ரல் முடிவதற்குள் நாற்பது கிலோமீட்டர் ஒட்டி ஓட்டிய வீடியோ வர வேண்டும், இல்லையென்றால் நான்காவது இடத்துக்கு வேறு ஆள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

இணையத்தில் ஒரு சைக்கிள் குழுவில் பழக்கமானவர் சுதர்ஷினி. ஆரையம்பதிக்காரர், இருபத்தொன்பது வயது, ஆஸ்பத்திரியில் தாதி, மாவட்டத்துக்காகப் போட்டிகளில் ஓட்டுகிறவர். அவரும் மூன்று தோழிகளும் தினமும் காலை ஐந்தரைக்குச் சேர்ந்து ஓட்டுகிறார்கள். என் கதையைக் கேட்டுவிட்டு, "இஞ்ச வாங்கக்கா. மேடும் இல்ல, பள்ளமும் இல்ல. ரோட்டு நேராக் கிடக்கு, விழுந்தாலும் நேராத்தான் விழுவீங்க" என்றார். பெண்களோடு சேர்ந்து ஓட்டும் வாய்ப்பு எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். விடுப்புக் கேட்டு எழுதினேன்.

திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரம். சைக்கிள் பெட்டிக்குத் தனியாக 4,000 இந்திய ரூபாய். மறுநாள் காலை ஆறு மணி ரயிலில் ஏறி மட்டக்களப்பில் இறங்கும்போது மூன்றேகால். நிலையத்திலிருந்து ஆரையம்பதி எட்டு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 1,200 இலங்கை ரூபாய். பெட்டியைக் கூரையில் கட்டிய ஓட்டுநர், உள்ளே என்ன என்று கேட்டார். சைக்கிள் என்றேன்.

"சைக்கிளையா பிளேன்ல கொண்டு வந்தீங்க? இஞ்ச வீட்டுக்கு ரெண்டு கிடக்கே அக்கா."

"இது ரேஸ் சைக்கிள்."

"மறுகா என்ன, அதுக்கும் ரெண்டு சில்லுத்தானே." மறுகா என்றால் பிறகு, சில்லு என்றால் சக்கரம். கல்லடிப் பாலம் தாண்டும்வரை அவருக்கு அந்தச் சிரிப்பு அடங்கவில்லை.

முதல் வாரம் சரியாகப் போகவில்லை. காலையில் வாவி எனும் உப்பங்கழியை ஒட்டியும், வலையிறவுப் பாலம் கடந்து வவுணதீவு வயல்களுக்குள்ளும் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் ஓட்டினோம். கால்களுக்குக் குறையில்லை. ஆனால் சுதர்ஷினியின் பின்சக்கரத்தை முறைத்துப் பார்த்தபடியே போவேன். அது கொஞ்சம் பெரிதாகத் தெரிந்ததும் பிரேக். எனக்குப் பின்னால் வரும் தோழி கிருஷாந்தி திட்டாமல் திட்டுவார்: "அக்கா, நீங்க பிரேக் புடிக்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரு வயசு போகுது."

எட்டாம் நாள் ஊரில் புத்தாண்டு விளையாட்டு விழா. தென்னோலையில் கிடுகு பின்னுதல், கண்ணைக் கட்டிக்கொண்டு யானைப் படத்துக்குக் கண் வைத்தல் எல்லாம் முடிந்து பெண்களுக்கான மெதுவான சைக்கிள் ஓட்டம் வந்தது. இருபது மீட்டர் தூரம். கடைசியாக வருகிறவருக்குப் பரிசு. கால் தரையில் பட்டால் வெளியே. சுதர்ஷினி என்னைக் கேட்காமலே என் பெயரைக் கொடுத்துவிட்டார். நான் பெருமையாக என் ரேஸ் சைக்கிளையே கொண்டு போனேன். பெடலில் பூட்டிக்கொள்ளும் காலணியையும் போட்டிருந்தேன். மூன்றாவது மீட்டரில் சைக்கிள் நின்றது. கால் பூட்டிலிருந்து வரவில்லை. மரம் சாய்வதுபோல மணலில் சாய்ந்தேன்.

"இந்தியாவில இருந்து வந்த அக்கா விழுந்திட்டா. தயவுசெய்து ஒருத்தரும் சிரிக்க வேணாம்" என்று ஒலிபெருக்கியில் சொன்னவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

வென்றவர் பரமேஸ்வரி. என்னைவிட இரண்டு வயது மூத்தவர். வாவியில் பிடித்த இறாலை மாலையில் சைக்கிளில் காத்தான்குடிக்குக் கொண்டுபோய் விற்பவர். பக்கத்துச் சைக்கிளின் கைப்பிடி உரசியபோதும் அவர் அசையவில்லை, பெடலை விடவும் இல்லை. மணலைத் தட்டிக்கொண்டே அவரிடம் போய், எப்படி என்று கேட்டேன்.

"நீங்க என்ன புள்ள, சில்லையே பார்த்துக்கொண்டு நிக்கிறீங்க? சில்லு ஓடிப்போகாது. ஆக்கள்ற தலையப் பாருங்க. எந்தப் பக்கம் கிறுகப் போறாங்க எண்டு தலைதான் முதல்ல சொல்லும்."

"இதை எங்கே பழகினீர்கள்?"

"பழகிறதா? ஆட்டோவுக்கும் மாட்டுக்கும் நடுவால இறாலோட போய்ப் பாருங்க, தானா வரும்."

விளையாட்டாகச் சொன்னதை நான் பிடித்துக்கொண்டேன். மறுநாளிலிருந்து ஆறு மாலைகள், ஐந்து மணிக்கு, சுதர்ஷினி வீட்டுச் சாதாரண சைக்கிளில் பரமேஸ்வரியின் பின்னால் காத்தான்குடிக்குப் போனேன். மூன்று கிலோமீட்டர்தான். ஆனால் கடைத்தெரு நெரிசலில் இடைவெளி விட்டால் அதற்குள் ஒரு மோட்டார் சைக்கிள் நுழைந்துவிடும். ஒட்டித்தான் ஆக வேண்டும். அவருடைய தலை வலப்பக்கம் திரும்பினால் நானும் வலப்பக்கம். தோள் சற்று உயர்ந்தால் பிரேக் பிடிக்கப் போகிறார் என்று அர்த்தம். பெடலை நிறுத்தாமல் பின்பிரேக்கை லேசாகத் தடவி வேகத்தைக் குறைப்பதும் அங்கேதான் கைவந்தது. ஒருநாள் என் முன்சக்கரம் அவருடைய கேரியரில் கட்டிய இறால் பெட்டிக்குக் கீழேயே போய்விட்டது. "நல்லாக் கிட்ட வாறீங்க. கரியல்ல ஏறி இருங்களன்" என்றார், திரும்பிப் பார்க்காமலே.

பதினாறாம் நாள் பரீட்சை. ஆரையம்பதியிலிருந்து களுவாஞ்சிக்குடி போய்த் திரும்ப 40.8 கிலோமீட்டர். காலை 5.35க்குக் கிளம்பினோம். முன்னால் சுதர்ஷினி, அடுத்து நான். எனக்குப் பின்னால் கிருஷாந்தி, கைப்பிடியில் பொருத்திய போனில் படம் எடுத்தபடி. சுதர்ஷினியின் ஹெல்மெட்டையும் அதற்கு அப்பால் தெரிந்த சாலையையும் மட்டும் பார்த்தேன். முதல் ஐந்து கிலோமீட்டர் விரல்கள் பிரேக்கைத் தேடின. பிறகு மறந்துவிட்டன.

திரும்பும்போது செட்டிபாளையத்தில், முப்பதாவது கிலோமீட்டரில், ஒரு மாடு சாவகாசமாகச் சாலையில் ஏறியது. சுதர்ஷினி கையை உயர்த்துவதற்கு முன்பே அவர் தலை இடப்பக்கம் போனதைப் பார்த்துவிட்டேன். நானும் இடப்பக்கம் ஒதுங்கினேன். என் முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்தோடு ஒரு சாண் தூரம் இணையாகப் போய், மறுபடி பின்னுக்கு வந்தது. பிரேக்கை இறுக்கவில்லை. யாரும் விழவில்லை. மாட்டுக்கு எங்களால் எந்தச் சிரமமும் இல்லை. மொத்தம் ஒரு மணி இருபத்து நான்கு நிமிடம்.

வீடியோ அனுப்பினேன். அணித் தலைவியின் பதில் அன்று இரவே வந்தது: "இடைவெளி சரி. வேகம் போதாது. இடம் உனக்கு, வேகத்தை இங்கே வந்து கவனித்துக்கொள்வோம்." சுதர்ஷினிக்குக் காட்டினேன். "போதாதாமா? அவவையும் ஒருக்கா காத்தான்குடிக்குக் கூட்டிக்கொண்டு வாங்க" என்றார்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ரேஸ் சைக்கிளின் மெல்லிய வால்வு ட்யூப் நான் தேடிய கடைகளில் கிடைக்கவில்லை, குறைந்தது நான்கு கொண்டுபோங்கள். ஏப்ரலில் ஒன்பது மணிக்குள் ஓட்டி முடித்துவிடுங்கள். அதற்குமேல் வெயிலும் கடல்காற்றும் சேர்ந்துகொள்ளும். அறைக்கும் மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் நாளுக்கு 4,500 இலங்கை ரூபாய் கொடுத்தேன். ரயிலில் பெட்டி வைக்கக் கடைசி இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். யாராவது மெதுவான சைக்கிள் ஓட்டத்துக்குக் கூப்பிட்டால் சாதாரணச் செருப்போடு போங்கள்.

வீட்டுக்கு வந்தபின் அந்த வீடியோவை முழுதாக ஒருமுறை பார்த்தேன். சுதர்ஷினிக்கும் எனக்கும் உள்ள இடைவெளியை அளக்கத்தான் உட்கார்ந்தேன். கண் அங்கே போகவில்லை. படத்தின் அடிப்பக்கம் முழுக்க என் பின்சக்கரம். நாற்பது கிலோமீட்டரும் அது அதே அளவில் நிற்கிறது. மாடு வந்த இடத்தில்கூட விலகவில்லை. முதல் வாரம் முழுக்க என் பிரேக்குக்குப் பயந்துகொண்டிருந்த கிருஷாந்தி, அன்று என் சக்கரத்துக்கு அரை மீட்டர் பின்னால், என்னை நம்பி வந்துகொண்டிருந்தார்.